அம்மா மண்டபம் இறங்குங்க

முப்பத்தொரு வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தேன் மேடம். ஒரு பயணியைக்கூட ஊர் மாற்றி இறக்கிவிட்டதில்லை. தூங்கிப்போனவர்களைத் தட்டி எழுப்பி இறக்கியிருக்கிறேன். குடித்துவிட்டு ஏறி என் சட்டையைப் பிடித்தவனைக்கூட அவன் டிக்கெட் வாங்கிய ஊரில்தான் இறக்கினேன், வழியில் தள்ளிவிடவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பழைய ஆட்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், மருதை என்றால் தெரியும்.

டீ வேண்டாம், சர்க்கரை இருக்கிறது. தண்ணீர் போதும்.

நான் வந்தது தாஜுதீன் பாய் விஷயமாக. தென்னூரில் டூர் நடத்துகிறாரே, அவர்தான். என் மகள் பவித்ரா பெங்களூரிலிருந்து வந்து அவர் மேல் புகார் கொடுத்திருக்கிறாள். டூர் கூட்டிப்போன இடத்தில் அஜாக்கிரதையாக இருந்து தன் அம்மாவை முதலைக்குப் பலி கொடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நான் அவளிடம் சொன்னதைத்தான் எழுதினாள். நேற்று பாயை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு இந்த பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார வைத்திருந்தீர்களாம். அவர் சம்சாரம் ரோஷன் பேகம் எனக்கு போன் பண்ணி அழுதார். "அண்ணே, அவர் மேல ஒரு தப்பும் இல்லண்ணே, அல்லாவுக்குத் தெரியும்" என்றார். எனக்கும் தெரியும். ஊருக்கு நல்லது செய்த மனுஷன் என் ஒருத்தனால் கெட்டுப்போகக் கூடாது. மூன்று மாதமாகச் சும்மா இருந்தவன் இன்றைக்கு வந்ததற்கு அதுதான் காரணம்.

என் மனைவி பெயர் வள்ளிக்கண்ணு. முசிறிக்காரி, என் தாய்மாமன் மகள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட முதல் ரூட் சத்திரம் முசிறி. அவள் அப்போது திருச்சிக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் வந்துகொண்டிருந்தாள். எங்களுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆனாலும் நான் அவளிடம் டிக்கெட் போடாமல் விட்டதில்லை. "கட்டிக்கப் போறவகிட்டயே டிக்கெட் கேக்குறாரு பாருங்க கண்டக்டரு, வெளங்குமா இந்தக் கல்யாணம்?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். நான் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விடுவேன்.

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுச் சந்தில் வீடு பிடித்தோம். அன்றிலிருந்து தினமும் விடிகாலை ஐந்து மணிக்குச் சொம்பும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு காவிரிக்குப் போவாள். தண்ணீர் தொடுகிற முதல் படி வந்ததும் சொம்பில் மொண்டு ஒரு வாய் குடிப்பாள். தலையில் கொஞ்சம் தெளித்துக்கொள்வாள். அப்புறம்தான் முழுக்கு. தண்ணீர் நிறைய வந்தால் அக்கரை பக்கம் பாதி தூரம் நீந்திவிட்டு வருவாள். முசிறிக்காரியை ஆற்றில் தள்ளியெல்லாம் யாரும் கொல்ல முடியாது மேடம், மீன் மாதிரி நீந்துவாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மறதி நோய் வந்தது. முதலில் ஊர்ப்பெயர்கள் போயின. அப்புறம் ஆட்கள். பெற்ற மகளைப் பார்த்து "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டாள். பவித்ரா அன்றைக்குச் சாப்பிடவில்லை. முந்தின வருஷத்துக்கு முந்தின ஆவணியில் என் முறையும் வந்தது. ஒரு நாள் காலையில் காபி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "கண்டக்டர், முசிறி வந்தா சொல்லுங்க" என்றாள்.

அன்றோடு மாமா என்று கூப்பிடுவது நின்றுபோனது. நான் அவளுக்குக் கண்டக்டர், வீடு பஸ். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரேஷன் ரசீது, மாத்திரை அட்டை, எது கிடைத்தாலும் டிக்கெட் என்று நீட்டுவாள். நீட்டிவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று நான் யோசித்ததில்லை, யோசிக்க நேரமும் இல்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை முசிறி வந்துவிட்டதா என்று கேட்பாள். இல்லை என்றால் ஐந்து நிமிஷத்தில் மறுபடி கேட்பாள். வந்துவிட்டது என்றால் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ரோட்டில் போய்விடுவாள்.

ஒரு தடவை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்குள் ஓடினாள். கையைப் பிடித்து இழுத்தேன். "யாருன்னே தெரியல, கையைப் புடிச்சு இழுக்குறான்" என்று கத்தினாள். நாலு பேர் சேர்ந்து என்னை அறைந்தார்கள். நான் முப்பத்தொரு வருஷம் விசில் ஊதிய அதே பஸ் ஸ்டாண்டில். என் சம்சாரம்தான் என்று சொன்னேன், நம்பவில்லை. ஒரு பழைய டிரைவர் வந்து அடையாளம் சொன்ன பிறகுதான் விட்டார்கள். அவளை ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு அழுதேன். அவள் என் தோளைத் தொட்டு, "அழுவாதீங்க கண்டக்டர், சில்லறை இல்லேன்னா பரவால்ல" என்றாள்.

உறையூரில் ஒரு இல்லத்தில் சேர்த்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்டைத் திறக்கச் சொல்லி நர்ஸைக் கடித்துவிட்டாளாம். வேலைக்கு ஆள் வைத்தேன், மூன்று பேர் மாறினார்கள். பவித்ரா மாதம் ஒரு தடவை வருவாள், போகும்போது அழுவாள். மற்ற நேரமெல்லாம் நான்தான். நான் தூங்கவில்லை மேடம். இதை மட்டும் நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வருஷமாக ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. கண்ணை மூடினால் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும், இல்லாவிட்டால் கேட்ட மாதிரி இருக்கும்.

எனக்கு ஒரே பயம்தான் இருந்தது. நான் முந்திக்கொண்டால் இவள் கதி என்ன? மகள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் அவரால் ஆகாது. எனக்கு முன்னால் இவள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று தாயார் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டேன். இது தப்பா? இந்த வியாதிக்காரர்களை வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் இதைத்தான் வேண்டிக்கொள்கிறார்கள்.

சித்திரைப் பௌர்ணமிக்கு நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு வருவார், கஜேந்திர மோட்சம் நடக்கும். யானை காலை முதலை பிடித்துக்கொள்கிறது, யானை ஆதிமூலமே என்று கூப்பிடுகிறது, பெருமாள் ஓடி வருகிறார். போன வருஷம் அவளையும் கூட்டிப்போயிருந்தேன். கூட்டத்தில் அமைதியாக நின்று பார்த்தாள். கடைசியில், "கண்டக்டர், யானை என்ன ஆச்சு?" என்றாள். யானைக்கு மோட்சம் என்றேன். "முதலை?" என்றாள். முதலைக்கும்தான், சாபம் தீர்ந்துவிட்டது என்றேன். "அப்ப எல்லாரும் எறங்கியாச்சு" என்றாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனி மாதம் தண்ணீர் திறந்துவிட்டார்கள். மறுபடி அவளைக் காவிரிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தேன். வியாதி வந்த பிறகு அவள் ஆற்றில் இறங்கிக் குளித்ததே இல்லை. பழைய பழக்கங்களைத் திரும்பச் செய்ய வைத்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் படியில் நின்று பயந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினேன். என்ன சொன்னாலும் கேட்கவில்லை. கடைசியில் பஸ்ஸில் சொல்கிற குரலில், "அம்மா மண்டபம் வந்தாச்சு, அம்மா மண்டபம் இறங்குங்க" என்றேன். உடனே சொம்பை வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஒரு வாய் குடித்தாள், தலையில் தெளித்துக்கொண்டாள், முழுகினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

தினமும் ஐந்து மணிக்குப் போனோம். பத்து நாள் கழித்து நான் பாதிப் படியில் நின்றுகொண்டேன். ஆடிப் பெருக்குக்குள் மேல் படியில் நின்று சொன்னால் போதும் என்று ஆனது. ஐப்பசியில் துலா ஸ்நானக் கூட்டத்துக்கு நடுவில்கூட, நான் மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு குரல் கொடுத்தால் தனியாக இறங்கிப் போவாள். நான் சொல்லாவிட்டால் இறங்க மாட்டாள். படித்துறையில் பூ விற்கிற ஆனந்தவள்ளி, "அண்ணே, ஒங்கள மாதிரி ஒரு புருஷன் கெடைக்க அந்தக்கா கோடிப் புண்ணியம் பண்ணியிருக்கணும்" என்பாள். பூவுக்குக் காசு வாங்கமாட்டாள். நான் கட்டாயப்படுத்திக் கொடுப்பேன்.

ஒரு நாள் முக்கொம்புக்குக் கூட்டிப்போனேன். மத்தியான வேளை, அவளுக்குக் குளிக்கிற நேரம் இல்லை, இடமும் புதுசு. கரையில் நிறுத்தி, அம்மா மண்டபம் இறங்குங்க என்றேன். சொம்பு கூட இல்லை, வெறும் கையோடு இறங்கினாள். இடுப்பளவு போனதும் நானே போய்க் கூட்டிவந்தேன். துவட்டிவிட்டு முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள் மேடம், நான் மெதுவாகச் சொல்கிறேன்.

தாஜுதீன் பாயின் நோட்டீஸை தென்னூரில் ஒரு சுவரில் அதற்கு முன்பே பார்த்திருந்தேன். பூரி, கோனார்க், அப்புறம் ஒடிசாக் கடலோரம் ஒரு அலையாத்திக் காடு. நம் பிச்சாவரம் மாதிரிதான், ஆனால் சரணாலயம். நோட்டீஸில் வாயைப் பிளந்த ஒரு முதலைப் படம் போட்டிருந்தது. கார்த்திகை மாதப் பயணம், சமையல்காரரையும் பாத்திரத்தையும் கூடவே கொண்டுபோவார்கள், நம் சாப்பாடு. பாய் முதலில் தயங்கினார். "அண்ணே, அக்கா இருக்குற நெலமைக்கு இந்தக் காடு வேணாமே, பூரியோட திருப்பி அனுப்பிடட்டுமா?" என்றார். அவள் சின்ன வயசிலிருந்து முதலை பார்க்க ஆசைப்பட்டாள் என்றேன். அது பொய். அவருக்கு மனசு இளகிவிட்டது. "எங்க வீட்டுல துணைக்கு வருவாங்க, பார்த்துக்குவாங்க" என்றார்.

சொன்ன மாதிரியே ரோஷன் பேகம் ரயிலில் ஏறியதிலிருந்து வள்ளிக்கண்ணு பக்கத்திலேயே இருந்தார். தலை வாரிவிட்டார். சோறு ஊட்டினார். பூரியில் ஒரு கடையில் சின்ன மணி ஒன்று வாங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்து அவள் கையில் கட்டினார். "எங்க நடந்தாலும் சத்தம் கேக்கும்ணே" என்றார். அந்த அம்மாவுக்கு என்ன கைம்மாறு செய்யமுடியும் என்று தெரியவில்லை.

காட்டுக்குப் போன அன்று பாய் எல்லோரையும் நிற்க வைத்து மூன்று தடவை சொன்னார். "யாரும் தண்ணி பக்கம் போகக்கூடாது. கை கால் கழுவக்கூட எறங்கக்கூடாது. இது நம்ம காவேரி இல்ல." அப்புறம் படகில் போனோம். இரண்டு பக்கமும் மரங்களின் வேர் சேற்றிலிருந்து ஆணி ஆணியாக மேலே நீட்டிக்கொண்டு நின்றது. உடும்பு பார்த்தோம், நாலடி இருக்கும். கிளையில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. அப்புறம் சேற்று மேட்டில் முதலை. படகு நீளம் இருந்தது. எல்லோரும் படகின் நடுவுக்கு நகர்ந்துகொண்டார்கள். வள்ளிக்கண்ணு மட்டும் என் பக்கம் சாய்ந்து, "கண்டக்டர், படுத்துக்கிட்டே வர்றாரே, அவரு டிக்கெட் எடுத்தாரா?" என்றாள். படகே சிரித்தது. நானும் சிரித்தேன், நன்றாகத்தான் சிரித்தேன்.

படகுக்காரர் எங்கள் விடுதிக்குப் பின்னால் இருந்த பழைய படகுத்துறையைக் காட்டினார். அந்தப் பக்கம் போகாதீர்கள், மீன் கழுவின தண்ணீர் அங்கேதான் விழுகிறது, ஒருத்தர் எப்போதும் அங்கேயே இருப்பார் என்றார். ஒருத்தர் என்றுதான் சொன்னார், மரியாதையாக. எனக்கு ஹிந்தி வரும், மற்றவர்களுக்கு வராது. அவர்களுக்குப் பாய் மொழிபெயர்த்துச் சொன்னார். ஊர்க்காரர்கள் குளிக்கிற துறை அதற்கு நாற்பது அடி தள்ளி இருந்தது. தண்ணீருக்குள் மூங்கில் நட்டு வேலி போட்டு, பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். பழைய துறைக்குப் போகிற வழியில் ஒரு கேட், அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள். பூட்டு இல்லை.

மகளிடமும் அந்த ஊர் போலீஸிடமும் நான் சொன்னது உங்களுக்குத் தெரியும். விடிகாலையில் நான் கக்கூஸ் போயிருந்தேன், அந்த நேரத்தில் அவள் எழுந்து போய்விட்டாள், கேட்டை யாரோ திறந்து போட்டிருந்தார்கள். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். பாய் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார், தாழ்ப்பாளைத் தான்தான் சரிபார்த்திருக்க வேண்டும் என்றார். நான் அவரைத் தேற்றவில்லை. பவித்ரா வந்து, "அப்பா, நீங்க செஞ்ச மாதிரி ஒலகத்துல யாரும் செஞ்சிருக்க மாட்டாங்கப்பா" என்றாள்.

இந்தாருங்கள், அந்த மணி. கயிற்றை அறுக்கவில்லை, முடிச்சு அவிழ்த்திருக்கிறேன், பாருங்கள். பக்கத்து அறையில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று ஐந்து மணிக்கு நான்தான் அவிழ்த்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பாய் மனைவி இதைக் கட்டாமல் விட்டதாக மகள் எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

நான் அவளைத் தொடவில்லை மேடம். தள்ளவில்லை, இழுக்கவில்லை. முப்பத்தேழு வருஷத்தில் ஒரு அடி அடித்ததில்லை. சொம்பும் மஞ்சளும் கையில் கொடுத்தேன். கேட்டைத் திறந்தேன். பன்னிரண்டு படி, பத்தாவது படியில் தண்ணீர் நின்றது. கொஞ்சம் தள்ளி ஒரு கட்டை மிதந்தது. கட்டை இல்லை என்று எனக்குத் தெரியும். மேல் படியில் நின்றுகொண்டு தினமும் சொல்கிறதைச் சொன்னேன். ஊர் பெயரைச் சொல்வது கண்டக்டர் வேலை, இறங்குவது அவரவர் விருப்பம். என் வள்ளிக்கண்ணு போய் அன்றைக்கே இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகியிருந்தது. அங்கே இறங்கியது யாரோ ஒரு பயணி. அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். பாயை விடுவிக்க இவ்வளவு போதும். ஆனால் நீங்கள் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டீர்கள். கேட்டதால் சொல்கிறேன்.

பத்தாவது படியில் நின்றாள். கணுக்கால் அளவு தண்ணீர். வழக்கம்போல் சொம்பில் மொண்டு ஒரு வாய் குடித்தாள். குடித்ததைத் துப்பினாள். சொம்பைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், அந்த மரங்களைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. முகம் தெளிந்திருந்தது.

"மாமா" என்றாள். "இது காவேரி இல்ல மாமா. தண்ணி உப்புக் கரிக்குது. எங்க கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

பயப்படவில்லை. கேட்டுவிட்டு, மேலே ஏறக் கையை நீட்டினாள். பத்துப் படிதான். வயசானவன்தான் நான், இருந்தாலும் பத்துப் படி இறங்கியிருக்க முடியும். கட்டை இன்னும் அசையவில்லை, நேரம் இருந்தது. இந்தத் தெளிவு பத்து நிமிஷம்கூட நிற்காது, அறைக்குப் போவதற்குள் மறுபடி முசிறி எப்போது வரும் என்று கேட்பாள் என்று நினைத்தேன். இல்லை, அதையும் நினைக்கவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது மேடம், அவ்வளவுதான்.

"காவேரிதான் வள்ளி" என்றேன். "இன்னும் ரெண்டு படி இறங்கு."

நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று இறங்கினாள்.